இரட்டைச் சுழி

குதிரைப் பண்ணையில் அவளுக்கு 'சிக்னல்' என்று பட்டப்பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனால் குதிரைகளோடு வேலை செய்கிறவர்களுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது, அதனால் அது அவள் காதுக்கும் வந்துவிட்டது. யார் என்ன வேலையை எடுத்தாலும் குறுக்கே வந்து நின்று கையை நீட்டி நிறுத்துவாள் என்பது ஒரு காரணம். அவள் கொண்டுவந்த கயிறு ஏற்பாடு இன்னொரு காரணம்.

அது ஒன்றும் பெரிய வித்தையில்லை. அந்தப் பண்ணையின் பிழைப்பே வெள்ளைத் திட்டுப் போட்ட குதிரைகள்தான். பழுப்பு உடம்பில் ஓரம் கிழிந்த வெள்ளைத் திட்டுகள் தேசப்படம் மாதிரி பரவியிருக்கும். வாங்க வருகிறவர்கள் காலைப் பார்ப்பதில்லை, பல்லைப் பார்ப்பதில்லை, திட்டைத்தான் பார்ப்பார்கள். அந்தத் திட்டைக் கொண்டுவருகிற மரபணு அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ ஒற்றையாக வந்தால் அழகு. இரண்டு பக்கமிருந்தும் வந்துவிட்டால் குட்டி முழு வெள்ளையாகப் பிறக்கும். சமர்த்தாக எழுந்து நிற்கும், பாலும் குடிக்கும். ஆனால் அதன் குடலை இயக்குகிற நரம்பு உருவாகியிருக்காது. குடித்தது வெளியே போக வழியில்லாமல் ஓரிரு நாளில் வலியில் புரண்டு செத்துப்போகும். அதற்கு மருந்தும் கிடையாது, ஆபரேஷனும் கிடையாது.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்த மரபணு உள்ள எல்லாக் குதிரையும் அதை வெளியில் காட்டிக்கொள்ளாது. சிலது நெற்றியில் ஒரு பொட்டு வெள்ளையோடு, மற்றபடி ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி நிற்கும். கண்ணால் பார்த்து எதையும் சொல்ல முடியாது. அதனால்தான் அவள் ஒவ்வொரு குதிரைக்கும் பிடரியில் நாலு முடியை வேரோடு பிடுங்கிச் சோதனைச்சாலைக்கு அனுப்பினாள். மரபணு இருந்தால் முகத்துக்குச் சிவப்புத் தலைக்கயிறு, இல்லாவிட்டால் நீலம். சிவப்பும் சிவப்பும் சேரக்கூடாது. இவ்வளவுதான் சட்டம். எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைக்குக்கூடப் புரிந்துவிடும்.

அவள் தம்பிக்குத்தான் புரியாது.

தம்பி கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் ஒரு நாள் நன்றாகச் சண்டை போட்டுப் பிரிந்து நிம்மதியாக இருந்திருப்பாள். அவன் நல்லவன், சிரித்த முகக்காரன், எதற்கும் "பாத்துக்கலாம்கா" என்பவன். அந்த 'பாத்துக்கலாம்' என்ற வார்த்தையைக் கேட்டாலே அவளுக்கு ரத்தம் கொதிக்கும். ஏனென்றால் அவன் பார்க்க மாட்டான், கடைசியில் அவள்தான் பார்ப்பாள். விற்பனை, விளம்பரம், வருகிறவர்களுக்கு நாற்காலி போட்டு வாய்ப்பந்தல் போடுவது எல்லாம் அவன். சினைக்குச் சேர்ப்பது, பிரசவம் பார்ப்பது, சாணி அள்ளியிருக்கிறார்களா என்று குனிந்து பார்ப்பது எல்லாம் அவள். அப்பா காலத்தில் அமைந்த பங்கீடு, அப்படியே நின்றுவிட்டது.

தம்பி பிடித்துக்கொண்டு வந்தவர்தான் பல் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஒரு பை கேரட்டோடு வந்துவிடுவார். சொந்தமாக ஒரு குட்டி வேண்டும், அதுவும் பிறப்பதற்கு முன்னாலிருந்தே தன் குட்டியாக இருக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஆசைப்படட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் அவர் கூடவே ஒன்று சொல்லுவார்.

"எவ்வளவு வெள்ளை வருதோ அவ்வளவு சந்தோஷம் மேடம். திட்டு பெருசா இருக்கணும். வெள்ளைன்னா எனக்கு உயிரு."

"அது பல்லுக்கு டாக்டர். குதிரைக்கு இல்ல," என்பாள் அவள்.

அவர் அதை நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டு சிரிப்பார். அவருடைய பல்வரிசை பளிச்சென்று இருக்கும். அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு இன்னும் எரிச்சல் வரும்.

போன வருஷம் இரண்டு பெண் குதிரைகளை வாங்கினார்கள். அக்காவும் தங்கையும். ஒரே பழுப்பு, ஒரே உயரம், நெற்றியில் ஒரே அளவு வெள்ளைப் பொட்டு. பெரியவள், சின்னவள் என்று கூப்பிட்டார்கள். எது பெரியவள் என்று கேட்டால் கூப்பிடுகிறவர்களுக்கே தெரியாது. முடி பிடுங்கும்போது அவள் மட்டும் ஒரு வித்தியாசத்தைக் கவனித்தாள். நெற்றிமுடியை ஒதுக்கிப் பார்த்தால் பெரியவளுக்கு அடியில் இரண்டு சுழி, சின்னவளுக்கு ஒன்று. சோதனையில் பெரியவளுக்கு மரபணு இருந்தது, சின்னவளுக்கு இல்லை. இரட்டைச் சுழிக்காரிக்குச் சிவப்பு, ஒற்றைச் சுழிக்காரிக்கு நீலம் என்று தன் கையாலேயே மாட்டினாள். சின்னவளை, பண்ணையின் பெயர்போன பொலிக்குதிரையான, உடம்பெல்லாம் தேசப்படத் திட்டும் சிவப்புக் கயிறுமான 'மேப்'போடு சேர்ப்பது, அந்தக் குட்டி பல் டாக்டருக்கு. பெரியவளைத் திட்டே இல்லாத, நீலக் கயிற்றுக் கறுப்புக் குதிரையோடு சேர்ப்பது. லாயக்காரரைக் கூப்பிட்டு, கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்: "ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும். நீங்க குதிரையைப் பாக்காதீங்க, கயிறைப் பாருங்க."

சுழியைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. கயிறுதான் இருக்கிறதே என்று விட்டுவிட்டாள். அதற்குள் மகளுக்குப் பிரசவ நாள் நெருங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பேத்தியைக் குளிப்பாட்டிக் கொஞ்சிவிட்டுத் திரும்பி வந்தபோது எல்லாம் ஒழுங்காக முடிந்திருந்தது. நீலக் கயிறு மேப்போடு சேர்ந்து சினையாகியிருந்தது. சிவப்புக் கயிறு கறுப்போடு சேர்ந்து, சினை பிடிக்காமல் நின்றது. "பாத்தியா, நீ இல்லாமலே பண்ணை நடக்குது," என்றான் தம்பி. அவளும் அரை மனதாக, பரவாயில்லையே என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்ததை நினைத்துப் பின்னால் எத்தனையோ தடவை தலையில் அடித்துக்கொண்டாள்.

குட்டி போட இன்னும் மூன்று வாரம்போல இருக்கும்போது தம்பி பண்ணை வாசலில் ஒரு பெரிய விளம்பரப் பலகை வைத்தான். ஏணி, கயிறு, நாலு ஆள், ஒரே அமர்க்களம். 'நடமாடும் ஓவியங்கள்' என்று வீடு உயரத்துக்கு எழுத்து. அதன் கீழே வீட்டைவிடப் பெரிய குதிரை முகம் ஒன்று. நீலக் கயிறு, கனவு காண்கிற கண், காற்றில் பறக்கிற நெற்றிமுடி.

"எப்படி?" என்றான் தம்பி, இடுப்பில் கைவைத்துக்கொண்டு.

ஒன்றும் சொல்லக்கூடாது, சொன்னால் முகம் தொங்கிவிடும் என்று தீர்மானித்துக்கொண்டுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். முடி பறந்ததில் நெற்றி முழுக்கத் தெரிந்தது. வெள்ளைப் பொட்டுக்கு மேலே, தட்டு அகலத்துக்கு, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இரண்டு சுழிகள்.

"இது எந்தக் குதிரை?"

"நம்ம சின்னவதான். நீலம் போட்டிருக்கே."

"எப்ப எடுத்த போட்டோ?"

"நீ பேத்தியைப் பாக்கப் போயிருந்தியே, அப்ப. போட்டோக்காரர் ஃபேன் எல்லாம் வச்சு எடுத்தாருக்கா. என்னா உழைப்பு தெரியுமா?" அவன் ஒரு கணம் யோசித்தான். யோசிக்கிறபோது அவன் முகம் எப்போதும் பிரகாசமாகிவிடும். "ஆமா, இது சின்னவ இல்ல. பெரியவ. அவளுக்குத்தான் கண்ணு நல்லா இருக்குன்னாரு. ஆனா பழுப்புக்குச் சிவப்புக் கயிறு எடுபடலைன்னு சொன்னாரு. அதனால நீலத்தை மாத்திப் போட்டோம். அப்புறம் சின்னவளையும் ஒண்ணு எடுத்தாரு, அதுக்குச் சிவப்பு…"

"திருப்பி மாத்தினியா?"

"என்னக்கா?"

"போட்டோ எடுத்து முடிச்சதும் கயித்தைத் திருப்பி மாத்தினியான்னு கேக்கறேன்."

தம்பி பலகையைப் பார்த்தான். ஏணியைப் பார்த்தான். "மாத்தியிருப்பேன்னுதான் நினைக்கிறேன்," என்றான்.

அவள் லாயத்துக்கு ஓடினாள். அவள் வயதுக்கும் முழங்காலுக்கும் அது ஓட்டம்தான். வயிறு தள்ளி, கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்த நீலக் கயிற்றுக்காரியின் நெற்றிமுடியைத் தூக்கிப் பார்த்தாள். இரண்டு சுழி. பக்கத்துக் கொட்டடியில் சிவனே என்று வைக்கோல் மென்றுகொண்டிருந்த சிவப்புக் கயிற்றுக்காரிக்கு ஒன்றுதான்.

லாயக்காரர் வாளியோடு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் வாளியைக் கீழே வைத்தார்.

"நீலம் போட்டிருந்துச்சு, மேப்புகிட்ட விட்டேன். குதிரையைப் பாக்காதீங்க, கயிறைப் பாருங்கன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க?"

இத்தனை மாதமாக அவளும் கயிற்றைத்தான் பார்த்தாள். தினமும் அந்தக் குதிரையின் வயிற்றைத் தடவினாள், குளம்பைத் தூக்கிப் பார்த்தாள், பல்லைப் பார்த்தாள். நெற்றிமுடியை ஒரு விரலால் ஒதுக்க மட்டும் தோன்றவில்லை. தம்பியை நாலு சாத்து சாத்தலாம் என்று வந்த ஆத்திரத்தில் பாதி தன் மேலேயே திரும்பியது. மீதிப் பாதி தம்பிக்குத் தாராளமாகப் போதும்.

கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டாள். அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "ஆரம்பத்துலயே தெரிஞ்சிருந்தா கலைச்சிருக்கலாம்கா. இப்ப நிறைமாசம். பிறக்கட்டும், வேற வழியில்ல. நாலுல ஒரு பங்குதான் ஆபத்து."

"நாலுல மூணு நல்லது!" என்றான் தம்பி, பக்கத்திலிருந்து ஒட்டுக்கேட்டுக்கொண்டு. அன்றிலிருந்து அதையே பல்லவியாகப் பிடித்துக்கொண்டான். சாப்பிடும்போது நாலில் மூன்று. கேட்டைப் பூட்டும்போது நாலில் மூன்று. ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே வந்து, வாயில் நுரையோடு மூன்று விரலைக் காட்டிவிட்டுப் போனான்.

"உனக்கு நாலுல மூணு," என்றாள் அவள். "அதுக்கு இருக்கிறது ஒரு குடல்டா. அது சரியா இருக்கணும், இல்லாட்டி செத்துப்போகணும். முக்கால்வாசி குடலோட எதுவும் பிறக்காது."

"எதுக்குக்கா இப்பவே கெட்டதை நினைக்கிற?"

"நீ நினைக்காம விட்டதை எல்லாம் சேத்து நான் நினைக்க வேண்டியிருக்கு."

பல் டாக்டரிடம் சொல்ல வேண்டாம், பிறந்த பிறகு பார்த்துக்கலாம் என்றான் அவன். அந்த வார்த்தையைக் கேட்டதுதான் தாமதம், ஞாயிற்றுக்கிழமை டாக்டர் காரை நிறுத்திக் கேரட்டை எடுப்பதற்குள் அவள் போய் நின்றாள். கயிறு மாறிய கதையை முதலிலிருந்து கடைசிவரை ஒன்றுவிடாமல் சொன்னாள். தம்பி ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான், அவன் வயிறு மட்டும் வெளியே தெரிந்தது.

டாக்டர் கவனமாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அப்ப முழு வெள்ளையா பிறக்க வாய்ப்பு இருக்குன்னு சொல்றீங்க!"

அவள் கண்ணை மூடித் திறந்தாள். "டாக்டர், அப்படிப் பிறந்தா செத்துப்போகும்னு சொல்றேன்."

"இல்ல, புரியுது மேடம். குடல்ல நரம்பு இருக்காது. ஆனா யோசிச்சுப் பாருங்க, நரம்பு இல்லாட்டி வலியே தெரியாதே! எங்க தொழில்லயே அதானே. நரம்பை எடுத்துட்டா பல்லு பாட்டுக்கு இருக்கும், அம்பது வருஷம் உழைக்கும்."

தூணுக்குப் பின்னாலிருந்து, "அட, ஆமா!" என்று ஒரு குரல் வந்தது.

அவளுக்கு அங்கேயே உட்கார்ந்து அழலாம் போலிருந்தது. அழுவதற்கும் பொறுமை வேண்டும், அவளிடம் இல்லை.

"பல்லு ஒரே இடத்துல நிக்குற சாமான் டாக்டர். நரம்பு இல்லன்னா சும்மா நிக்கும். குடல் நிக்கக் கூடாது, நகரணும். நகத்துறதே நரம்புதான். அது இல்லாட்டி குட்டி பாலைக் குடிச்சுக்கிட்டே இருக்கும், உள்ளே அடைச்சுக்கிட்டே இருக்கும், வயிறு உப்பிக்கிட்டே போகும். அந்த வலி அதுக்கு நல்லாத் தெரியும். எல்லா வலியும் தெரியும்."

டாக்டர் கேரட் பையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெரியவளின் வயிற்றருகே போய் வழக்கம்போல எதையோ மெதுவாகச் சொன்னார். என்ன சொன்னார் என்பது காதில் விழவில்லை, கேட்கவும் அவளுக்கு மனமில்லை. கேரட்டைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

பெரியவளுக்கு அவள் சிவப்புக் கயிற்றை மாட்டினாள். மாட்டும்போது, இதை இனி யாருக்காக மாட்டுகிறோம் என்று அவளுக்கே ஆத்திரமாக வந்தது.

ஒரு வேலைநாள் காலை, வெயில் கொட்டடிக்குள் நன்றாக விழுந்த பிறகு, பெரியவள் வலியெடுத்துப் படுத்தாள். தம்பி பல் டாக்டருக்குச் சொல்லிவிட்டான். வாயைத் திறந்தபடி நாற்காலியில் சாய்ந்திருந்த ஒருவரை உதவியாளரிடம் விட்டுவிட்டு, போட்டிருந்த வெள்ளைக் கோட்டோடு அவர் வந்து சேர்ந்தார். கால்நடை மருத்துவர் ஏற்கெனவே மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள்.

முதலில் முன்னங்கால்கள் வந்தன. வெள்ளை.

"கால்தானே," என்றான் தம்பி. "மேப்புக்கும்தான் கால்ல வெள்ளை இருக்கு."

மேப்புக்குக் காலில் வெள்ளை கிடையாது. நாலு காலும் கறுப்பு. அவனுக்கு அதுகூடத் தெரியவில்லையா, தெரிந்தும் சொல்கிறானா என்று அவள் கேட்கவில்லை. குட்டியின் மூக்கு வந்தது, ரோஜா நிறத்தில். நெற்றி வந்தது, வெள்ளை. கழுத்து வெள்ளை. தோளுக்காகக் காத்திருந்தாள். ஒரு கையகலம் பழுப்பு போதும், அதற்கு மேல் எதுவும் வேண்டாம் என்று மனசுக்குள் கெஞ்சினாள். அவள் யாரிடமும் கெஞ்சிப் பழக்கப்பட்டவள் இல்லை. பக்கத்தில் மூச்சுச் சத்தம் கேட்டது. பல் டாக்டர் தடுப்புக் கட்டையைப் பிடித்துக்கொண்டு, உதடு மட்டும் அசைய, "கலரு, கலரு," என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

தோள் வெள்ளை. முதுகு வெள்ளை. பின்பக்கம் வழுக்கிக்கொண்டு வந்து வைக்கோலில் விழுந்தது, அதுவும் வெள்ளை.

பெரியவள் தலையைத் திருப்பி, தொண்டைக்குள் கனைத்துக்கொண்டு, குட்டியை நக்க ஆரம்பித்தாள். குட்டி கண்ணைத் திறந்தது. நீலக் கண்.

"இதோ! அக்கா, இதோ!" தம்பி குட்டியின் காதருகே மண்டிபோட்டிருந்தான். காதின் உட்புறத்தில் பட்டாணி அளவுக்கு ஒரு பழுப்புப் புள்ளி. "கலர் இருக்கு பாரு! முழு வெள்ளை இல்லயே!"

"புள்ளியெல்லாம் கணக்கில்லடா," என்றாள் அவள். திட்டுவதற்குத்தான் வாயைத் திறந்தாள். குரல் திட்டுவதுபோல வரவில்லை.

குட்டி எழுந்து நின்றது. விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்து, எல்லாக் குட்டியும் செய்கிற கோமாளித்தனத்தையெல்லாம் ஒழுங்காகச் செய்தது. மடியைத் தேடித் தாயின் முழங்காலை உறிஞ்சிப் பார்த்தது. பிறகு கண்டுபிடித்துக் குடித்தது. வெயிலில் அது அவ்வளவு அழகாக இருந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. நோஞ்சானாக, கோணல் மாணலாகப் பிறந்திருந்தால்கூட மனசு தயாராகும்.

"முதல் சாணி போட்டுட்டா பயமில்லதானே?" என்றான் தம்பி.

"போட்டா," என்றாள் மருத்துவர்.

அவன் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டுக் குட்டியின் பின்னால் உட்கார்ந்தான். ஒரு நாளும் லாயத்துச் சாணியைக் குனிந்து பார்த்திராதவன், அந்தச் சின்ன வாலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். குட்டி வாலைத் தூக்கும்போதெல்லாம் பாதி எழுந்துகொள்வான். அது முக்கும், ஒன்றும் வராது, வாலைத் தாழ்த்தும். அவனும் உட்காருவான். லாயக்காரர் கொண்டுவந்து வைத்த டீ ஆறி ஆடை கட்டிவிட்டது.

மதியத்துக்கு மேல் குட்டி குடிப்பதை நிறுத்தியது. திரும்பித் தன் விலாவையே பார்த்தது. படுத்தது, எழுந்தது, மறுபடி படுத்து வயிற்றைக் காலால் உதைத்துக்கொண்டது. தாய் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். மருத்துவர் காதை வயிற்றில் வைத்துக் கேட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"உள்ளே ஒரு சத்தமும் இல்ல. அப்பனும் அம்மாவும் ரெண்டு பேரும் சிவப்பு, இதுல சந்தேகப்பட ஒண்ணுமில்லக்கா. ஊசி போட்டு முடிச்சிடலாம், தாமதிச்சா அதுக்குத்தான் கஷ்டம்."

"இன்னும் கொஞ்ச நேரம்," என்றான் தம்பி.

அவள் வாழ்நாள் முழுக்க அவன்மேல் சேர்த்து வைத்திருந்த எரிச்சலெல்லாம் ஒன்றாகப் பொங்கி வந்தது. "யாருக்காகடா கொஞ்ச நேரம்? அதுக்கா? உனக்கா?"

குட்டி புரண்டு காலை உதைத்து, பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் போட்டது. அவன் வாளியை விட்டு எழுந்தான். வைக்கோலில் உட்கார்ந்து, குட்டியின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

"எனக்குத்தான்," என்றான். பிறகு மருத்துவரைப் பார்த்து, "போடுங்க," என்றான்.

ஊசி போடும்போது அவன் குட்டியின் கண்ணைக் கையால் மூடவில்லை. காதில் அந்தப் பழுப்புப் புள்ளி இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தான். முடிந்த பிறகும் தடவினான். பல் டாக்டர் தன் வெள்ளைக் கோட்டைக் கழற்றிக் குட்டியின் மேல் போட்டார். அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு அழுகை வந்தது. யாரும் பார்க்காதபடி திரும்பி நின்று, வைக்கோல் சரியில்லை என்று லாயக்காரரைத் திட்டினாள். லாயக்காரர் திட்டு வாங்கிக்கொண்டே வைக்கோலைச் சரிசெய்தார்.

மறுநாள் காலை லாயத்துக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வரிசையாக எட்டிப் பார்த்த ஒரு தலையிலும் நெற்றிமுடி இல்லை. வயது வித்தியாசம் பார்க்காமல், பெண் குதிரை பொலிக்குதிரை என்று பார்க்காமல், எல்லாவற்றுக்கும் ஒட்ட வெட்டியிருந்தது. கத்தரிக்கோல் கோணிக்கோணிப் போயிருந்தது. சிலதுக்கு ஒரு பக்கம் குச்சி குச்சியாக நீட்டிக்கொண்டிருந்தது. விலைக்குக் காட்ட வைத்திருந்த மேப்பின் அழகான முடிகூடப் போய்விட்டது. வாத்தியாருக்குப் பயந்து ராத்திரி தாங்களே முடி வெட்டிக்கொண்ட பிள்ளைகள் மாதிரி எல்லாம் திருதிருவென்று விழித்தன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் சுழி பளிச்சென்று தெரிந்தது.

தம்பி கடைசிக் கொட்டடியின் வாசலில் கத்தரிக்கோலோடு நின்றுகொண்டிருந்தான். சட்டையெல்லாம் முடி.

"இனி கயிறு மாறினாலும் தெரியும்ல," என்றான்.

முடி வளர்ந்துவிடும், முட்டாள். பூச்சியை ஓட்டுவதற்கு அவற்றுக்கு அந்த முடி வேண்டும், முட்டாள். யார் இனி இந்த வருஷம் ஒன்றையாவது வாங்குவார்கள்? இதற்குத் தோலுக்கடியில் சின்னதாக ஒரு சிப் வைக்கலாம், தொடையில் எண் போடலாம், நூறு வழி இருக்கிறது. இவ்வளவும் அவள் நாக்கு நுனிவரை வந்தது. அவன் கையைப் பார்த்தாள். கட்டைவிரலில் கத்தரிக்கோல் அழுத்திய இடம் கொப்பளித்திருந்தது.

"மேப்புக்கு இடது பக்கம் சரியா வெட்டல," என்றாள். "கொடு இப்படி."

ஞாயிற்றுக்கிழமை வழக்கமான நேரத்துக்குக் கார் வந்தது. இந்த ஆள் இனி வரமாட்டார் என்று அவள் நினைத்திருந்தாள். வந்தார், கேரட் பையோடு. வாசலில் பலகை இல்லை, இரண்டு கம்பம் மட்டும் நின்றது. மொட்டை நெற்றிக் குதிரைகளைப் பார்த்து ஒரு கணம் திகைத்தார். பெரியவளிடம் போனார். அவள் இன்னமும் வைக்கோல் மூலையை மோந்து மோந்து பார்த்துக் கனைத்துக்கொண்டிருந்தாள். அவர் நீட்டிய கேரட்டைத் தொடவில்லை. அவர் கையை இழுத்துக்கொள்ளாமல் அப்படியே நீட்டிக்கொண்டு நின்றார்.

அடுத்த குட்டியைப் பற்றித்தான் பேசப் போகிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வெள்ளை என்ற வார்த்தை வாயில் வரட்டும், கேரட்டோடு வெளியே அனுப்பிவிடுகிறேன் என்று சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தயாரானாள்.

"சின்னவளுக்கு ஒரு குட்டி பிறந்தா," என்றார் டாக்டர், "அப்பவும் எனக்கு ஒண்ணு தருவீங்களா மேடம்?"

"என்ன கலர்ல வேணும்?" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவர் பெரியவளின் நெற்றியை, அந்த இரண்டு சுழியை, பார்த்துக்கொண்டே சொன்னார். "கலர் எதுவானாலும் சரி. சாணி போட்டா போதும்."

அவள் செருகிய தலைப்பை எடுத்துவிட்டாள். பெரியவள் கழுத்தை நீட்டி, அவர் கையிலிருந்த கேரட்டை மெதுவாக வாங்கிக்கொண்டாள்.